பெட்டியும் கையேடும் உண்டு

மேல்மடிப்பில் ஒரு நசுங்கல், நகம் அளவு.
அதற்கு ஐந்நூறு யென் கழிவு.
கையேட்டின் பதினேழாம் பக்கத்தில் தேநீர்க் கறை,
முழு வட்டம் இல்லை, பிறைதான்.
முந்நூறு.
கேசட்டின் முதுகில் மார்க்கரால் ஒரு பெயர்: செட்சு.
பஞ்சை ஆல்கஹாலில் நனைத்துத் தேய்த்தால் போகும்.
போகாவிட்டால் இன்னும் எழுநூறு.

ஹச்சினோஹே துறைமுகத்தின் பின்தெருவில்
பழைய விளையாட்டுகளுக்கு விலை சொல்வது என் பிழைப்பு.
பனி கொட்டும் செவ்வாய்க்கிழமைகளில் ஆள் வராது.
நட்சுபோரி வந்தார்,
மீன் கிடங்கின் ரப்பர் பூட்ஸோடு.
மிதியடியில் நின்றபடியே பையை நீட்டினார்.
"என்ன கிடைக்குமோ அது."
செட்சு யாரென்று நான் கேட்கவில்லை.
விலை சொல்கிறவள் கேட்கக் கூடாத கேள்வி;
கேட்டால் விலை ஏறிவிடும்.

இது சுடும் விளையாட்டு இல்லை,
சுடும் விளையாட்டைச் செய்கிற விளையாட்டு.
விமானம் நீயே வரை. குண்டு நீயே வரை.
எதிரி எந்தப் பக்கமிருந்து வர வேண்டும்,
எத்தனை அடிக்குச் சாக வேண்டும்,
சாகும்போது என்ன சத்தம்,
எல்லாம் உன் பொறுப்பு.
ஆண்டவன் வேலைதான்.
ஆனால் ஆண்டவனுக்கு யாரும் இவ்வளவு பொடி எழுத்தில்
கையேடு கொடுத்திருக்க மாட்டார்கள்.
அதனால்தான் பல கேசட்டுகளில்
மூக்கு மட்டும் முளைத்த விமானம் ஒன்று இருக்கும்.
வரைந்தவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருப்பார்கள்.

வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் சொருகினேன்.

கணவாய் பிடிக்கும் படகு ஒன்று மேலே மேலே போகிறது.
அதன் விளக்குகளே தோட்டாக்கள்.
எதிரே உறைந்த கானாங்கெளுத்திகள், வரிசையாக.
பிறகு ஒரு பேருந்து, பக்கவாட்டில், விடாமல்.
பிறகு அழிப்பான்கள்.
காது கேட்கும் கருவி ஒன்று,
கடுகளவு விளக்கமும் இல்லாமல்.
மூன்றாம் கட்டத்தின் முடிவில்,
எல்லோரும் அரக்கனை நிறுத்துகிற இடத்தில்,
ஒரு கதவு.
பழுப்பு. கைப்பிடிக்கு நான்கு புள்ளி மஞ்சள்.
அது சுடவில்லை.
நான் சுட்டுக்கொண்டே இருந்தேன்.
அதன் பலத்தை உச்சத்தில் வைத்திருக்கிறாள், அல்லது வைத்திருக்கிறான்.
கட்டைவிரல் மரத்துப்போனது.
திருப்பிச் சுடாத ஒன்றை இத்தனை நேரம் சுட்டால்
நடுவில் ஒரு தடவை
கையை எடுத்துவிட்டுப் பார்க்கத் தோன்றும்.
எடுத்தேன். அது அப்படியே நின்றது.

கடைசியில் திறந்தது. நான்காம் கட்டம் கறுப்பு.
வலது கீழ் மூலையில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி:
கை தவறியதோ, நட்சத்திரமோ.

மின்கலம் இரண்டு புள்ளி நான்கு வோல்ட்.
அது அணைகிற அன்று கதவும் இல்லை.
மாற்றலாம் என்று கழற்றினாலோ அந்த நொடியே இல்லை.
என் விலைப்பட்டியலில்
'உள்ளே யாரோ இருக்கிறார்' என்பதற்குக்
கூட்டலும் கிடையாது, கழித்தலும் கிடையாது.

ஒரு வழி உண்டு.
பழையதை எடுக்குமுன் புதியதை அதன் பக்கத்திலேயே இணைப்பது,
மாடிப்படியில் இரண்டு பேர் அலமாரி கைமாற்றுவதுபோல,
ஒருவர் பிடிக்கும்வரை மற்றவர் விடாமல்.
நாற்பது நிமிடம். ஈயப் புகை.
உள்ளங்கையை முழங்காலில் துடைத்துத் துடைத்து.
கதவு பிழைத்தது.
பெயரையும் தேய்க்கவில்லை. எழுநூறு யென் போகட்டும்.

நாந்த் நகரத்துக் கோரந்தன் வாங்கினான்,
பதினோராயிரத்து இருநூறுக்கு.
மூன்று வாரம் கழித்து ஓர் அட்டை:
"பத்திரமாக வந்தது, நன்றி.
முதல் வேலையாக எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.
வரைய இடம் வேண்டுமே."
கூடவே ஒரு படம். திரையில் அவனுடைய முதல் விமானம்,
மூக்கு கோணல், ஓர் இறக்கை நீளம்.

கல்லாவை இரண்டு தடவை அடித்துச் சாத்தினேன்.
சாயங்காலம்வரை அவனைத் திட்டினேன்.
அந்த இறக்கையை எப்படிச் சரிசெய்யலாம் என்றும்
இடையிடையே யோசித்தேன்.

கடை மூடுமுன் கணக்கேட்டில்,
அவன் பெயருக்கு எதிரே கட்டம் போட்டு,
பழுப்புப் பேனா இல்லாததால் நீலத்தில்
கதவை நினைவிலிருந்து நிரப்பினேன்.
கைப்பிடி எந்தப் பக்கம் என்பது மட்டும்
நிச்சயமில்லை.
இப்போதைக்கு இடப்பக்கம் வைத்திருக்கிறேன்.