ஒன்பதாவது குழாய்

செங்குன்றத்து மில்லிலிருந்து மாதவரத்துக்கு உமி வருகிறது.
மூட்டையில் வரும்போதே
உள்ளே யாரோ இருக்கிறார்கள்.

எத்திராஜுலு ஷெட்டில் நாலாயிரம் குஞ்சு,
நாலு விரற்கடை உமி,
என் பையில் எட்டு பிளாஸ்டிக் குழாய்.
ஒவ்வொன்றிலும் அட்டையைச் சுருட்டிச் செருகி
தீவனத் தட்டின் கீழே, தூணடியில், ஈரம் கசியும் மூலையில்
போட்டுவிட்டுப் போவேன்.
வாரம் கழித்து வந்து தட்டி, எண்ணுவேன்.
இதற்குத்தான் சம்பளம்.
வீட்டில் ஆபீஸ் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

முதல் வாரம் பதினொன்று.
நாலாம் வாரம் எண்ணூற்றுச் சொச்சம் வரை எண்ணி
மிச்சத்தை எடை போட்டேன்.

ஓர் அரிசி நீளம். நனைந்த மிளகின் மினுப்பு.
பகலெல்லாம் எருவுக்குள்.
சிந்திய தீவனம் தின்னும், எச்சம் தின்னும்,
செத்த குஞ்சை இறகுக்கடியில் நுழைந்து தின்னும்,
ஈயின் புழுவையும் விடாது.
அதனால் ஈ குறைவு என்பார் எத்திராஜுலு.
கோழி வண்டைக் கொத்தித் தின்று கழியும்போது மட்டும்
எனக்கு போன் செய்வார்.

புழுவுக்கு ஒரு நாள் வரும்.
ஏழெட்டு முறை சட்டை உரித்த பின்
தின்பதை நிறுத்தி
கூட்டத்தை விட்டு நடக்கும்.
கூட்டுப்புழுவால் ஓட முடியாது, தோலும் மெத்து.
எருவிலேயே படுத்தால்
கூடப் பிறந்ததே கடித்துவிடும்.
ஆகவே சுவர் ஏறும்.
தெர்மகோலைக் குடைந்து
தன் உடம்பளவுக்கு ஓர் அறை எடுத்து
தனியாகத் தூங்கும்.

கூரைப் பலகை ஒன்றைப் பிரித்தோம்.
"சல்லடை கெட்டுது போ" என்றாள் சகாயமேரி.
கொளத்தூரில் நாலு பேரோடு நான் பங்குபோடும் அறை
ஞாபகம் வந்தது.
சொல்லவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் ராத்திரி லாரி.
கூண்டு கூண்டாகக் கோழி போயிற்று,
ஷெட்டின் சூடும் கூடவே போயிற்று.
எருவை வாரி வெளியே குவித்தார்கள்.

புதன்கிழமை காலை
பக்கத்து அடுக்குமாடியின் செயலாளர் பத்ரிநாராயணன்
ஊறுகாய் பாட்டிலில் ஏழு கொண்டுவந்தார்.
"பால்கனி லைட்டுக்கு வருது மேடம்.
ஏதாவது பண்ணுமா? எங்கேர்ந்து வருது?"
உங்களை ஒன்றும் பண்ணாது என்றேன்.
இரண்டாவது கேள்விக்கு
அவர் வீட்டு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லியிருக்கலாம்.
சைவமோ என்னவோ,
விட்டுவிட்டேன்.

கோழிக்கு ஆயுசு ஆறு வாரம்.
இந்த ஏழும் வருஷத்தைத் தாண்டக்கூடியவை.
அடுத்த சுண்ணாம்பு, அடுத்த மருந்து, அடுத்த உமி,
திரும்பவும் முதல் நாள் கீச்சு கீச்சு.
ஒரு வண்டு ஆறு பேட்ச் பார்த்துவிடும்.
அந்த ஷெட்டில் அதைவிடப் பழைய ஆள்
சகாயமேரி மட்டும்தான்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தேன்.
அசையாமல் கிடந்தன.
பிறகு ஒன்று கால்களைக் கூட்டிக்கொண்டு
லேபிளின் நிழல் விழும் பக்கமாக நகர்ந்தது.
மற்றவை அதன் பின்னால்.

பதிவேட்டில் புது வரி போட்டேன்:
குழாய் ஒன்பது. ஏழு.