போட்டி நடக்கும் ஊர்கள்

பதினாறு ஊர் என்றது டிவி.
வியாசர்பாடிக்கு நாலு போதும் என்றான் மோசே.
கையில் அரை மூட்டை பிளீச்சிங் பவுடர்,
குப்பை வண்டி லூர்தம்மாவிடம் கெஞ்சி வாங்கியது.
கோடு போட.

எச் பிளாக் மொட்டை மாடி, மெக்சிகோ சிட்டி.
உயரத்தில் இருக்கிற ஊராம், மூச்சு வாங்குமாம்.
நாலு மாடி ஏறினால் இங்கேயும் வாங்குகிறது.
பந்தை வெளியே அடித்தவன்
தானே இறங்கிப்போய் எடுத்து வர வேண்டும்.
எங்கள் விதிகளில் இதுதான் முதல் விதி.

மேம்பாலத்துக்கு அடியில் டல்லாஸ்.
கூரை உண்டு.
தூண்கள் இரண்டு அணிக்கும் பொது எதிரி.
கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்
யாரோ ஒரு எத்திராஜுலு
எல்லா ஆட்டத்தையும் கும்பிட்டபடியே பார்க்கிறார்.

கால்வாய்க் கரை, மயாமி.
கடலோரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.
பந்து உள்ளே விழுந்தால் பத்து நிமிடம் இடைவேளை,
ஒரு மூங்கில் கழி,
பிறகு அடிபம்பில் பந்துக்குக் குளியல்.

பைனல் மட்டும் நியூஜெர்சியில்.
அதாவது ரேஷன் கடைக்குப் பின்னால்,
மூன்று வருடமாகக் கல் பொறுக்கிப் பொறுக்கி
நாங்கள் சமப்படுத்திய மண்ணில்.

நான் கோல்கீப்பர்.
மெடிக்கல் ஷாப்பில் பத்து மணி வரை வேலை.
அட்டவணையை பில் தாளின் பின்பக்கம் எழுதி
இருமல் மருந்து அட்டைப்பெட்டியில் வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை ஜேசிபி வந்தது.
மழைநீர் வடிகால்.
"வேற எடம் பாத்துக்கங்கம்மா" என்றார் காண்ட்ராக்டர்,
அன்பாகத்தான்.
பெரியமேட்டு ஸ்டேடியத்துக்கே போய்க் கேட்டோம்.
உள்ளே கச்சேரிக்கு மேடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.
"லெட்டர் இருக்கா?" என்றார் வாட்ச்மேன்.
மோசே பந்தைக் காட்டினான்.

ஞாயிறு சாயங்காலம்
பள்ளத்துக்குள் இறங்கினோம்.
ஆளுயரம். அகலம் ஆறரை அடி.
அவுட் கிடையாது, த்ரோ கிடையாது,
மண்சுவரில் பட்டு பந்து திரும்பித் திரும்பி வந்தது.
நான் கை விரித்தால்
இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண்.
கோல் விழுந்ததெல்லாம் என் கால் நடுவே.
அதைப் பற்றி இனி பேச வேண்டாம்.

ஆனால் அண்ணாந்து பார்த்தபோதுதான் தெரிந்தது:
தோண்டிப் போட்ட மண் இரண்டு பக்கமும் மேடு,
மேட்டில் வரிசை வரிசையாக ஜனம்.
அத்தோ கடைக்காரர் தட்டோடு,
தில்ஷாத் அக்கா ஈரத் துணியோடு,
பி பிளாக் முழுக்க.
இத்தனை வருட ஆட்டத்தில்
எங்களுக்குக் கிடைத்த முதல் கேலரி.
இருட்டியதும் செல்போன் டார்ச்சுகள்.

திங்கட்கிழமை கம்பி கட்டி கான்கிரீட் போட்டுவிடுவார்கள்.

அன்றிரவே, பன்னிரண்டரைக்கு,
அந்த இன்னொரு நியூஜெர்சியைப் பார்த்தோம்
டீக்கடை டிவியில், முழங்காலெல்லாம் சேறோடு.
புல் அவ்வளவு பச்சை.
யாரும் எதுவும் பேசவில்லை.
காலை ஷிப்டுக்குக் கிளம்பி வந்த லூர்தம்மா
துடைப்பத்தை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.
"நேராத்தான் போட்டுருக்கான்" என்றாள்.
"கோடு."