வெளி வீதி

பத்துப் புள்ளிக்கு ஒரு முறை
பின்னணி நிறம் மாற வேண்டும். அவ்வளவுதான்.
தாவுகிற ஒரு பந்து, தட்ட ஒரு விரல்,
செல்லூர் மாடியறையில் நான்.

ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு
நேர்கோடு போட்டேன்.
பாதி வழியில் சாம்பல்:
பாலத்தடியில் வைகை
தேங்கி நிற்கிற அதே நிறம்.
எண்களில் தப்பில்லை.
சிவப்பு குறைந்தது, நீலம் கூடியது,
நடுவில் எல்லாம் சமமாகி
எல்லாம் செத்துப்போனது.

இரவு ஒன்றே கால். டீக்கு இறங்கினேன்.
ஷேர் ஆட்டோ மரியசெல்வம்
யாரிடமோ வாடகைக்குச் சண்டை:
"சிம்மக்கல்லுல ஏறிட்டு
தெற்குவாசலுக்கு நேரா போன்னா எப்பிடி?
நடுவுல கோயில்ல இருக்கு!
வெளி வீதியச் சுத்தித்தான் போகணும்."

பாதி டீயோடு மாடியேறினேன்.
நிறங்களை வட்டமாக அடுக்கி
நடுவைத் தொடாமல் ஓட்டினேன்.
ஆரஞ்சு மஞ்சளுக்குத் திரும்பி
மஞ்சள் பச்சையில் நுழைந்து
பச்சை கொஞ்சம் மயில்கழுத்தாகி
நீலத்தில் வந்து நின்றது.
தூரம் கூடுதல்தான்.
சாம்பல் எங்குமே குறுக்கிடவில்லை.

ஐந்து மணி, இன்னும் இருட்டு.
ஸ்டாண்டில் வரிசை நகரும்வரை
மரியசெல்வம் ஆடினார். நாற்பத்தேழு.
"பின்னால கலர் மாறுச்சே, பாத்தீங்களா?"
"கலரா?
பந்தப் பாக்கவே நேரம் பத்தல."

போனைத் தந்தவர்
மறுபடி வாங்கிக்கொண்டார்.
அவர் நரைத்த தாடியில் ஆரஞ்சு விழுந்து
மெல்ல
மஞ்சளாகத் தொடங்கியது.