புகைப்புரை

குலசேகரத்தில் ரப்பர் ஷீட் உணக்கும் புகைப்புரையில்தான்
பீடி தொடாத எங்கள் பங்க் பேண்ட்
பாடிப் பழகியது.
சட்டை, தலைமுடி, கிட்டார் உறை எல்லாம் நாறும்.
பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் கேட்பார்,
'ஒரு நாளைக்கு எத்தர பாக்கெட் வலிப்ப?'
புறங்கையைக் காட்டுவேன்.
கறுப்பு மார்க்கரில் பெருக்கல் குறி.
'கணக்கு தப்பாடே?' என்பார்.

எங்கோ ஒரு நாட்டில்
குடி விற்கக் கூடாத பொடியன்கள் கையில்
வாசல்காரன் போட்ட குறியாம் அது.
நாங்களே போட்டுக்கொண்டோம்.
சாராயம் இல்லை, புகை இல்லை, பான்பராக் இல்லை.
பிறகு ஸ்டெர்லின் டீயைச் சேர்த்தான்.
நான் மீனைச் சேர்த்தேன்.
சாளைக் குழம்பைத் தள்ளிவைத்த அன்று
அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.
விஜின் எதையும் சேர்க்கவில்லை.
டிரம்ஸ் அடித்தான்.

என் அப்பாவை மாசத்தில் நாலு ராத்திரி
செருப்பு தனியாக, ஆள் தனியாகப்
பொறுக்கி வந்தவன் நான்.
அப்போது என்னிடம் யாரும் நியாயம் பேச முடியாது.

கிறிஸ்துமஸ் கழிந்த ஞாயிறு
திருவிருந்தில் முழங்காலிட்டு
பாத்திரத்தில் வாய்வைத்தான் விஜின்.
பின்வரிசையிலிருந்து எண்ணினேன்.
ஒரு மிடறு.

சாயங்காலம் விசாரணை.
'அம்ம பக்கத்தில நின்னா மக்கா' என்றான்.
அதை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை.
வெளியே ஸ்டெர்லினின் மாமா
தட்டுகளில் ஆசிட் கலக்கிக்கொண்டிருந்தார்.
பால் என்று சொல்ல
இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது.

தின்னரில் துணி முக்கி
விஜின் கையைப் பிடித்து நானே துடைத்தேன்.
குறி போனது. தொலியும் கொஞ்சம்.
அவன் கையை இழுத்திருக்கலாம்.

கோயில்குட்டி பிற்பாடு சொன்னார்,
அது உலர்ந்த திராட்சையை அவித்துப் பிழிந்த சாறு,
சீனி அவர் வீட்டுச் சீனி.
கேட்டதும் எனக்கு நிம்மதி வந்தது,
வெட்கமில்லாமல்.
வைனாகவே இருந்திருந்தால் என்று யோசிக்க
ஆறு வருஷம் ஆனது.

போன மாசம் மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில்
சிங்காரி மேளக்காரர்கள் வேனை விட்டு இறங்கினார்கள்.
விஜின் தோளில் செண்டை.
கடையில் ரெண்டு டீ சொன்னான்.
நான் வாய் திறக்கும் முன்பே
'ஒண்ணு போதும், இவனுக்குச் சூடுவெள்ளம்'
என்று திருத்தினான்.

கண்ணாடி கிளாஸ்.
பிடிக்க முடியாத சூடு.
பிடித்துக்கொண்டு நின்றேன்.