மூன்றாவது ரூட்டர்

மூன்று ரூட்டர்களையும் மாடிப்படியின் கீழ்
ஒவ்வொன்றாய்ச் செருகிப் பார்க்கிறான் கெத்தின்.
மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்.
கையில் பென்சில்; எழுத, மின்கட்டணம் வந்த உறையின் முதுகு.
வேல்ஸ் மலைச்சரிவில் இரண்டடித் தடிமன் கருங்கல் வீடு.
உள்ளே வந்தால் அலைபேசி வெறும் கடிகாரம்.

கம்பெனி இலவசமாய்த் தந்தது
சமையலறை வரை போய்
அடுப்பருகே மூச்சுவாங்கி நின்றுவிட்டது.
நாலு கொம்பு முளைத்த கறுப்பு ராட்சசன்,
பெட்டியில் மாளிகை முழுதும் என்று போட்டிருந்தவன்,
குளியலறைக் கண்ணாடியிடம் தோற்றான்.
மூன்றாவது, நெரிஸின் அண்ணன் எப்போதோ கொடுத்த
கீறல் விழுந்த பழசு.
அது போய்க்கொண்டே இருந்தது.

படுக்கையறை, மூன்று கோடு.
ஈரத்துணி தொங்கும் இடைவழி, இரண்டு.
அப்புறம் போன மார்ச்சில் அவனே எழுப்பிய சுவர்,
வீட்டை அவனுக்கும் நெரிஸுக்குமாய்ப் பிளந்தது.
பூச்சு இன்னும் வெள்ளையாய் உதிர்கிறது.
அலைபேசியை அதில் ஒட்டிவைத்தான்.
ஒன்று.

அப்பால் நாற்காலி இழுபட்டது.
"எதையாவது மாத்தினியா?
ஒரு வாரமா சுத்திக்கிட்டே இருந்துச்சு,
இப்போ என் தங்கச்சி முகம் தெரியுது."

உறையில் அந்தப் பக்கத்துக்கு
அவன் இடம் விட்டிருக்கவில்லை.
ஓரத்தில் திருப்பிப் பிடித்து,
"எத்தனை கோடு?" என்றான்.
"ஜன்னல்கிட்ட ரெண்டு. கட்டில்ல ஒண்ணுமில்ல."
எழுதிக்கொண்டான்.

கடவுச்சொல்லை இருவருமே மாற்றவில்லை:
இரண்டு வாசலிலும் சாப்பிடுகிற
நாயின் பெயர்,
கூட ஒன்று இரண்டு மூன்று.