ஒன்றேகால் கிலோ

கிளிநொச்சி மின்சாமான் கடையில்
ஐந்து அயன்பெட்டிகளை வரிசையாக வைத்து
ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன்.
"அக்கா, அயன் வாங்கிறியளோ, பிள்ளை தூக்கிறியளோ?"
கடைப் பெடியன் கேட்டான்.
தராசு இருக்கா என்றேன்.
பக்கத்துப் பலசரக்குக் கடையில் இரவல் வாங்கி வந்தான்.
பச்சை, ஒரு கிலோவும் இல்லை.
நீலம், ஒன்றேகால்.
பெரிய கறுப்பு, நீராவி விடுவது, இரண்டைத் தொட்டது.

வலத்தோளில் ஏற்கெனவே கொஞ்சம் இரும்பு இருக்கிறது.
தன்பாட்டில் கிடக்கட்டும், எடுக்க வேண்டாம் என்று
வவுனியா ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.
அதை எந்தத் தராசிலும் போட முடியாது.
அதனால் இடக்கை.
அதனால் வயர் பின்பக்கம் நடுவில் இருந்து வர வேண்டும்,
திருப்பினால் திரும்ப வேண்டும்,
துணிக்குக் குறுக்கே விழுந்து இழுபடக் கூடாது.
பெடியன் சிரிப்பை நிறுத்திவிட்டு
நீலத்தின் வயரைத் தானே இரண்டு பக்கமும் ஆட்டிப் பார்த்தான்.

நீராவி வேண்டாம்.
மல்லாவிக் கிணற்றுத் தண்ணீரை அவன் கொதிக்க வைத்ததில்லை போல.
எங்கள் கேத்தலின் அடியைச் சுரண்டினால்
வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம்.
ஈரத்துக்குப் பழைய வேட்டித் துண்டொன்று போதும்.

துணி, உரப்பையில், கிலோக் கணக்கில் வரும்,
ஆடைத் தொழிற்சாலையின் வெட்டுத்துண்டுகள்.
எது பருத்தி, எது நைலோன் என்று பை சொல்லாது.
ஒரு நூலை உருவி நெருப்புக்குச்சியில் காட்டுவேன்.
சாம்பலாய் உதிர்ந்தால் பருத்தி.
மணியாய்த் திரண்டால்
அயனுக்குக் கிட்டவும் கொண்டுவராதே.

தேய்ப்பது வேறு, அழுத்துவது வேறு.
பள்ளிக்கூடச் சட்டையை இழு, தள்ளு, ஒன்றுமாகாது.
ஒட்டுப்போர்வையின் மூட்டை அப்படி இழுத்தால்
சதுரம் சதுரமாக இராது.
வை. மூன்று எண்ணு. எடு. தள்ளி வை.
றெஜினாவுக்கு எண்ணப் பொறுமை இல்லை.
அவளுடைய சதுரங்கள் எல்லாம்
ஒரு பக்கம் காது வளர்ந்தவை.
நான் பன்னிரண்டு முடிக்க அவள் இருபது முடிப்பாள்.
எங்களுக்குள் சண்டை காசில் வந்ததில்லை, இதில்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
பத்து மணிக்குக் கரன்ட் போனது.
போனதால் மறந்தேன்.
சைக்கிளை எடுத்துக்கொண்டு லோன் கூட்டத்துக்குப் போனேன்.
தவணைக்காரத் தம்பி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்க
தலைக்கு மேலே காற்றாடி
மெல்ல ஒரு சுற்றுச் சுற்றியது.
எல்லாரும் "அப்பாடா" என்றார்கள்.

நிமிர்த்தி வைத்தேனா, படுக்க விட்டேனா?
பிளக்?

மூன்று கிலோமீற்றர், கிறவல் ரோட்டு,
எதிர்காற்று. கையெழுத்து வைக்காமல் ஓடியதற்கு
அபராதம் இருநூறு ரூபாய்.
கூரைத் தகரத்துக்கு மேலே வானம் சும்மா வானமாக இருந்தது.
உள்ளே நீலப்பெட்டி
குதியில் நிமிர்ந்து நின்றது,
சிவப்பு லைட்டைப் போட்டுக்கொண்டு,
நான் இன்னும் வராததைப்போல.
பக்கத்தில், நாலு விரல் தள்ளி, விலக்கி வைத்த நைலோன் குவியல்.
நிமிர்த்தியது இந்தக் கைதான்.
கழற்றாததும் இதேதான்.

இப்போது சைக்கிள் திறப்பை ஒரு நாடாவில் கட்டியிருக்கிறேன்.
அந்த நாடா வளையத்துக்குள்ளால் விட்டுத்தான் பிளக்கைச் செருகுவேன்.
கழற்றாமல் திறப்பு வராது.
திறப்பு வராமல் நான் எங்கும் போக முடியாது.

றெஜினா அதை இழுத்துப் பார்த்தாள்.
"அப்ப, திடீரெண்டு ஓட வேண்டி வந்தா?"

தையல் மெஷினின் சில்லு நின்றது.
"கழட்டிப்போட்டு ஓடுவம்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.
ஒரு சதுரத்தை விரித்து
வைத்தாள், மூன்று எண்ணினாள், எடுத்தாள்.
காது இன்னும் கொஞ்சம்
வளர்ந்துதான் இருந்தது.