முந்நூறு நாற்காலி

சேரன்மகாதேவி ரயில்வே கேட்டுக்குத் தெற்கே என் கடை.
பந்தல், நாற்காலி, மைக்செட்.
கல்யாணத்துக்குச் சிவப்பு உறை போடுவேன்.
துட்டி வீட்டுக்கு வெறும் நாற்காலி.
சர்க்கார் கூட்டத்துக்கும் வெறும் நாற்காலிதான்.

புதுத் திட்டம் வருகிறது என்று
தாலுகா ஆபீஸ் சுவரில் வரைபடம் ஒட்டினார்கள்.
பசையில் மைதா அதிகம் போல,
மூன்றாம் நாள் ஒரு மூலையை ஆடு தின்றுவிட்டது.
வீடு மஞ்சள், கடை நீலம், தொழிற்சாலை ஊதா.
நெடுங்கரைக் குளம் ஊதாவுக்குள் கிடந்தது.
தண்ணீருக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
கார்த்திகையில் அது பாட்டுக்குக் கால்வாய் வழியே வந்து
வழக்கமான இடத்தில் படுத்துக்கொண்டது.

கருத்துக்கேட்பு காலை பத்தரைக்கு.
பிசான நடவு மும்முரம்.
பீடிக்கடையில் இலை போடுகிற நாளும் அதுதான்.
நாள் குறித்தவர் விவரமான ஆள்.

ஆனாலும் வந்தார்கள். எண்ணினேன்,
எண்ணுவது என் தொழில்:
அறுபத்திரண்டு பேர்.
பாதிப்பேர் நாற்காலியைக் கால்வாசிதான் நம்பி
நுனியில் உட்கார்ந்திருந்தார்கள்.

மைதீன் பாத்து பிடித்ததும் மைக் கூவியது.
சத்தத்தைக் குறைத்தேன்.
"இந்தப் படத்துல எங்க தெரு எங்க இருக்கு?
அத மட்டும் காட்டுங்க, நான் போயிருதேன்."
ஆபீசர் குச்சியை வடக்கே வைத்தார்,
மேற்கே வைத்தார்,
தண்ணீர் குடித்தார்.
"இது பெரிய அளவுப் படம்மா,
சின்னத் தெருவெல்லாம் தெரியாது."
"தெரியாததுக்கா கலர் அடிச்சிருக்கிய?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

அப்புறம் பலவேசம் எழுந்தான், மடை பார்க்கிறவன்.
எந்த மடைக்கு எத்தனை வயல் என்று
விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தான்.
மூன்றாவது விரலில்
மேடையிலிருந்து ஒருவர் என்னைப் பார்த்துக்
கழுத்தருகே இரண்டு விரலை லேசாக அசைத்தார்.
முப்பது வருஷத் தொழில்.
கை தானாகப் போயிற்று.
பலவேசத்தின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.
கொஞ்சம் கழித்துத்தான் அவனுக்கே தெரிந்தது.
என்னைப் பார்த்தான்.
நான் வயர் சுருட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மறுநாள் பில்லோடு போனேன்.
"முந்நூறுன்னு போடும்வே" என்றார் கிளார்க்,
"இறக்குனது முந்நூறுதான?"
இறக்கினது முந்நூறுதான். பொய் இல்லை.
போட்டேன், முத்திரை குத்தினேன்,
பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டேன்.

ஐந்து மாதம் கழித்து ஜெபக்கனி டீச்சர்
தகவல் உரிமையில் வாங்கிய காகிதத்தை
என் கல்லாவின் மேல் விரித்தார்.
பங்கேற்ற பொதுமக்கள்: முந்நூறு.
ஆட்சேபம்: இல்லை.
ஆதாரம்: இணைப்பு நான்கு.

இணைப்பு நான்கு என் ரசீது.
என் கடைப் பெயர், என் கையெழுத்து,
அடியில் சிவகாசியில் நான் அச்சடித்து வாங்கிய வரி:
'தங்கள் ஆதரவுக்கு நன்றி.'

டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

இப்போது சட்டத்தையே திருத்திவிட்டார்களாம்.
இனிமேல் கூட்டம் கிடையாது,
பதினைந்து நாளுக்குள் கம்ப்யூட்டரில் எழுதணும்.
சர்வே எண்ணைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும்.
குளத்தின் எண் அந்தப் பட்டியலில் இல்லை.
டீச்சர் இரண்டு ராத்திரி தேடியிருக்கிறார்.
எனக்கு வாடகை போச்சே என்று சொல்ல
வாய் வரவில்லை.

நேற்று பலவேசம் வந்தான்.
மகள் சடங்குக்கு நூறு நாற்காலி.
"மைக்கு?" என்று கேட்டுவிட்டேன், பழக்கத்தில்.
"நாக்காலி போதும்."
வண்டியில் ஏற்றும்போது பையனை விலக்கிவிட்டு
அவனே எண்ணினான்,
ஒவ்வொன்றின் முதுகிலும் தட்டி,
தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.
அறுபத்திரண்டில் கொஞ்சம் நிறுத்தினான்.
அல்லது எனக்கு அப்படிப் பட்டது.